பூசாரி ஆண்டியப்பனின் இழுப்பு

அக்கரப்பத்தனைப் பக்கம் காட்டுமல்லித் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழ்ப்பிரிவு மாரியம்மன் கோயிலுக்கு ஆண்டியப்பன்தான் பூசாரி. முழுநேரப் பூசாரி என்று சொல்ல முடியாது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறுவார். தேயிலைச் செடியை வெட்டிச் சீர்படுத்துகிற வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் குளித்து வேட்டி மாற்றி அம்மனுக்கு விளக்கு வைப்பார். வயது ஐம்பத்திரண்டு. ஆள் எலும்பில் சட்டையை மாட்டிவிட்டது போல இருப்பார். அவருடைய அப்பாவும் பூசாரி, அப்பாவுக்கும் இழுப்பு. இரண்டையும் மகனிடம் கொடுத்துவிட்டுத்தான் அந்த மனிதர் கண்ணை மூடினார்.

மழைக்காலத்தில் ஆண்டியப்பன் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தேட வேண்டியதில்லை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் அவருக்கு முன்னால் வந்துவிடும். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இஞ்சித் தேத்தண்ணி குடிப்பார், நெஞ்சில் தைலம் தடவுவார், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குனிந்து உட்கார்ந்திருப்பார். அது வந்த வழியே போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஆடி வெள்ளியில்தான் விசயம் திசை மாறியது.

அன்று விடிந்ததிலிருந்து மழை. மழை விட்டால் மூட்டம். ஈரச் சட்டையோடு மலையிலிருந்து இறங்கிய ஆண்டியப்பனுக்கு ஏற்கனவே சளி. எங்கள் கோயிலுக்கு ஒரே ஒரு கதவு, சன்னல் கிடையாது. குளிருக்குப் பயந்து அந்தக் கதவையும் பாதி சாத்தியிருந்தார்கள். உள்ளே நாற்பது பேர். அவர் தூபக்காலில் தணலைக் கொட்டி, ஒரு கை நிறையச் சாம்பிராணியை அள்ளித் தூவினார். புகை குப்பென்று எழும்பி முகத்தில் அடித்தது. அடுத்த நிமிடம் நெஞ்சு பூட்டிக்கொண்டது.

கண் பிதுங்கியது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கின. நெற்றியில் வியர்வை கொட்டியது. பேச வாயைத் திறந்தால் "ஹ்ஹீ... ஹ்ஹீ..." என்ற சத்தம்தான் வந்தது. கொஞ்சம் வழிவிட்டால் வெளியே போய்விடலாம் என்று கதவைக் காட்டிக் கையை நீட்டினார்.

முன்வரிசையில் பொன்னையா நின்றார். தோட்டத்துச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஒரு காரியத்தை முதலில் சொல்வது தானாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"ஆத்தா வந்துட்டா!" என்று அவர் கத்தினார்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்டியப்பனுக்கு வழிவிட வேண்டிய ஆட்களெல்லாம் அவர் காலில் விழுந்து வழியை அடைத்துக்கொண்டார்கள். பொன்னையா கைகூப்பிக் கேட்டார்:

"தாயே, எம் மவ ஜெயந்தினிக்கு மூணு வருசமா மாப்புள்ள அமையல. ஒரு வழி சொல்லு தாயே!"

ஆண்டியப்பன் மறுபடியும் கதவைக் காட்டினார்.

"கெழக்கயா? கெழக்க இருந்தா வர்றான்?"

கதவு கிழக்கைப் பார்த்தது. கதவுதான், கதவேதான் என்ற அர்த்தத்தில் ஆண்டியப்பன் வேகமாகத் தலையாட்டினார். பொன்னையா அழுதேவிட்டார். கடைசியில் ஆண்டியப்பனின் மனைவி காளியாயி கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து, புருசனின் இடுப்பில் கைகொடுத்து வெளியே இழுத்துப் படியில் உட்கார வைத்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. அந்த அரை மணியும் கூட்டம் கைகூப்பியபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் கிழமை, வெலிமடையிலிருந்து ஜெயந்தினியைப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். பேக்கரி வைத்திருக்கிற மாப்பிள்ளை. வெலிமடை எங்களுக்குக் கிழக்கு.

அதற்குப் பிறகு யார் என்ன சொல்லி என்ன? பக்கத்துப் பிரிவிலிருந்து வந்தார்கள், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், ஐப்பசியில் நோர்வூட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ஆளுக்கொரு சாம்பிராணிப் பெட்டி. புகை கூடக் கூட ஆத்தா சீக்கிரம் வந்தாள். ஆண்டியப்பன் ஒவ்வொரு வெள்ளியும் மூச்சுக்குத் தவித்துக் கையை நீட்டுவார். கை போன பக்கத்தைப் பார்த்துப் பொன்னையா குறி சொல்வார்.

"என்னாங்க, ஆத்தா வந்தா நெஞ்சுல பூனை கத்துமா?" என்று காளியாயி கேட்டாள். அவள் கொழுந்தெடுக்கிறவள். கூடையோடு செங்குத்து மலையில் ஏறி இறங்குகிற கால். வாயும் அதே மாதிரி எங்கேயும் வழுக்காது.

"எனக்கும் அதான் புள்ள ரோசனையா இருக்கு," என்றார் ஆண்டியப்பன்.

அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. மறுநாளே பொன்னையாவின் வாசலில் போய் நின்றார்.

"தலைவரே, ஒரு விசயம் சொல்லணும். அது ஆத்தா இல்லீங்க. எனக்கு இழுப்பு."

பொன்னையா எழுந்து நின்று கும்பிட்டார். "பூசாரியாரே, வந்தது தெரியாம இருக்குறதுதான் உண்மையான அருளு. நான்தான் நான்தான்னு சொல்றவன்கிட்ட ஆத்தா வருவாளா? நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு எனக்கு முன்னமே தெரியும்."

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு ஆண்டியப்பனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தவிர, உள்ளதைச் சொல்வதென்றால், அவருக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. முப்பத்தைந்து வருடமாக மலையில் அவரை "டேய் இழுப்பு" என்று கூப்பிட்ட கங்காணி இப்போது "சாமி" என்றான். ஏற்றமான தேயிலை நிரைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, சமமான இடத்தை அவருக்கு ஒதுக்கினான். கடையில் வாங்கைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். ஒரு மனிதனை வாழ்நாளில் முதல் தடவையாக உட்காரச் சொன்னால் அவன் எழுந்திருப்பானா?

ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. முன்பெல்லாம் மாதத்தில் ஒரு தடவை வந்த இழுப்பு கிழமையில் நாலு நாள் வந்தது. படுத்தால் மூச்சு வரவில்லை என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். குளியலறைக்குப் போய்வந்தால் மூச்சிளைத்தது. தை மாதம் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், கவ்வாத்து மலையில் கத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டில் வைத்தார்கள். தொழிற்சாலை லொறி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

அங்கே முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். 'இங்கயும் புகையா?' என்று பயந்தவருக்கு, அந்தப் புகையில் நெஞ்சு திறந்தது பெரிய ஆச்சரியம். பிறகு டாக்டர் வந்தார். பெயர் குகநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த முகம், மெதுவாகப் பேசுவார்.

"ஐயாவுக்குத் தொய்வு எவ்வளவு காலமா இருக்கு?"

யாழ்ப்பாணத்தில் இழுப்பைத் தொய்வு என்பார்கள். ஆண்டியப்பனுக்கு அது எப்படித் தெரியும்? வேலையில் தொய்வு என்று கங்காணி ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லியனுப்பிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டார்.

"தொய்வெல்லாம் ஒன்னும் இல்லீங்க. முப்பத்தஞ்சு வருசமா ஒரு நாளும் வேலையில கொறை வச்சதில்ல. சொன்னவன் பொய் சொல்றான்."

"நான் வேலையைக் கேக்கேல்லை ஐயா. நெஞ்சைக் கேக்கிறன்."

"நெஞ்சும் நல்ல நெஞ்சுதாங்க. யாருக்கும் கெடுதல் நெனச்சதில்ல."

டாக்டர் குகநேசன் பேச்சை விட்டுவிட்டுக் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஷாமிலா என்ற தாதி ஒரு பையைக் கொடுத்தாள். அதில் ஒரு டப்பா நிறையச் சின்னக் கூட்டுக் குளிசைகள். கூடவே பெருவிரல் நீளத்தில், நடுவில் திருகுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல். குளிசையை எங்கே வைப்பது, எப்படித் திருகுவது, எப்படி மூச்சிழுப்பது என்று அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள். ஆனால் வெளியே அக்கரப்பத்தனை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த பஸ் போனால் அடுத்ததுக்கு இரண்டு மணி நேரம். ஆண்டியப்பன் அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

காலையில் ஒரு குளிசை, பின்னேரம் ஒரு குளிசை. இரண்டு மாதம் ஒரு வேளை தவறாமல் பால் போடாத சாயத்தண்ணியோடு விழுங்கினார்.

குழலைப் பற்றி வீட்டில் ஓர் ஆலோசனை நடந்தது.

"இது விசிலு," என்றார் ஆண்டியப்பன். "இழுப்பு வந்தா பேச முடியாதுல்ல? ஆளக் கூப்புடுறதுக்குக் குடுத்திருக்காங்க. டாக்டர் நல்ல மனுசன் புள்ள."

ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. காளியாயி ஊதிப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை.

"பழுதானதக் குடுத்திட்டாங்க," என்றாள் அவள். "அடுத்த மொற போனா மாத்திக்கிட்டு வாங்க."

இரண்டு மாதம் கழித்து கிளினிக் நாளில் இருவரும் போனார்கள். இழுப்பு ஒரு மயிரிழை கூடக் குறையவில்லை. மருந்து சரியில்லை என்று சொல்லத்தான் காளியாயி சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். முதல் வேலையாக அவள் குழலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மிஸ்ஸி, இந்த விசிலு சத்தம் போடல. வேற ஒன்னு குடுங்க."

ஷாமிலா குழலைப் பார்த்தாள். பிறகு ஆண்டியப்பனைப் பார்த்தாள். "ஐயா, மருந்து எப்படிப் பாவிக்கிறீங்க? எனக்கு ஒருக்காச் செஞ்சு காட்டுங்க."

ஆண்டியப்பன் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்ததும் ஒரு குளிசையை வாயில் போட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மடக்கென்று விழுங்கிவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை போல நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசையில் டாக்டர் குகநேசன் பேனையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

"ஐயா, இது முழுங்குறதில்ல," என்றாள் ஷாமிலா. "குளிசைய இந்தக் குழலுக்குள்ள போட்டுத் திருகினா கூடு ஒடஞ்சு உள்ளுக்கு இருக்கிற தூள் வெளிய வரும். அந்தத் தூள வாயால இழுக்கணும்."

"இழுக்கணுமா?"

"ஓம், நல்லா இழுக்கணும்."

"மிஸ்ஸி, எனக்கு இருக்குற வியாதியே இழுப்பு. அதுக்கு மருந்தும் இழுக்குறதா?"

அன்று ஷாமிலா அவரை விடவில்லை. பஸ் ஹோர்ன் அடித்தது, அவர் எழும்பினார், அவள் உட்கார்த்தினாள். பழக்கதோசத்தில் அவர் விசில் ஊதுகிற மாதிரி ஊத, தூள் முழுக்க அவள் முகத்தில் பறந்தது. "ஊத வேணாம், இழுங்க," என்று பதினோரு தடவை சொல்லிக்கொடுத்தாள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடு பொத்தி, வேகமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். பன்னிரண்டாம் தடவை சரியாக வந்தது. குழலுக்குள் குளிசை கடகடவென்று சுற்றிய சத்தம் கேட்டதும், "இந்தா சத்தம் போடுதுங்க!" என்று காளியாயி கைதட்டினாள். அவசரத்துக்கு ஒரு நீல நிற பம்பும் கொடுத்தார்கள். அடியில் ஓட்டை வெட்டிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் அதைச் செருகி, வாய்ப்பக்கமாக அவரை மூச்சு வாங்க வைக்கக் காளியாயிக்குப் பழக்கினாள் ஷாமிலா.

டாக்டர் வேறு கேள்விகள் கேட்டார். வீட்டில் விறகடுப்பா? புகை எப்படி வெளியே போகிறது? கம்பளியை வெயிலில் போடுவதுண்டா? எல்லாவற்றுக்கும் காளியாயி பதில் சொன்னாள். கடைசியில்,

"வேற புகை எங்கையும் படுறதோ?"

"நான் கோயில் பூசாரிங்க," என்றார் ஆண்டியப்பன்.

"சாம்பிராணியோ? அது உங்களுக்கு நஞ்சு மாதிரி, ஐயா. விட ஏலாதோ?"

"அது அம்மனுக்குப் போடுறதுங்க."

"அப்ப அம்மனையே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்," என்று டாக்டர் சிரித்தபடி எழுதினார். காளியாயி சிரிக்கவில்லை.

மருந்து மருந்தாக உள்ளே போனதும் ஒரு மாதத்தில் ஆள் மாறினார். படுத்துத் தூங்கினார். ஏற்றமான நிரையில் கங்காணிக்கு முன்னால் ஏறி, மேலே நின்று அவனுக்காகக் காத்திருந்தார். பூசையில் அம்மன் துதியை இடையில் நிறுத்தாமல் முழுக்கப் பாடினார். அவருக்கு இவ்வளவு நல்ல குரல் இருந்தது லயத்தில் யாருக்குமே தெரியாது. அம்மன் முகத்தைப் பார்த்துப் பாடுகிறபோது அவருக்குக் கண் கலங்கியது. அதுவரை பூசை என்றால் அவருக்கு எப்போது முடியும் என்ற நினைப்புத்தான்.

ஆனால் ஆத்தா வரவில்லை.

ஒரு வெள்ளி வரவில்லை. இரண்டாம் வெள்ளியும் வரவில்லை. மூன்றாம் வெள்ளி நோர்வூட் வேன் வந்து, பாடலை மட்டும் கேட்டுவிட்டுப் போனது. பொன்னையா தூபக்காலை இரண்டாக்கினார். கூட்டம் இருமியது, பொன்னையாவே இருமினார், ஆண்டியப்பன் கொஞ்சம் செருமிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். கமிட்டி கூடியது.

"பூசாரியாரே, கவுச்சி ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"தீட்டு வீட்டுக்குப் போனீங்களா?"

"இல்லீங்க. மருந்துதான் ஒழுங்கா எடுக்குறேன்."

பொன்னையா குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் தடுக்குது," என்றார். "ஆத்தா உள்ள வர்ற வழியில எதையோ தூவி அடச்சிருக்காங்க. வைகாசித் திருவிழா மட்டும் இத நிறுத்துங்க. ஒங்களுக்குத்தான் இப்ப நல்லாயிருக்குல்ல? பொறகு என்னாத்துக்கு மருந்து?"

கடைசியில் சொன்னதுதான் ஆண்டியப்பனைப் பிடித்தது. உண்மைதானே, நெஞ்சு நன்றாகத்தானே இருக்கிறது? காய்ச்சல் விட்டால் காய்ச்சல் குளிசையை நிறுத்துவதில்லையா? அதோடு, கங்காணி மறுபடியும் "டேய்" போடத் தொடங்கியிருந்தான். காளியாயி "இழுத்தீங்களா?" என்று கேட்டால் "இழுத்தாச்சி புள்ள" என்பார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அதுதான்.

முதல் கிழமை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் கிழமை படியேறும்போது இளைத்தது. திருவிழா அன்று காலை பத்து மணிக்கு, பாற்குடம் வந்து சேர்கிற நேரம், பொன்னையா மூன்று தூபக்கால் வைத்திருந்தார். உள்ளே சாமி எது ஆசாமி எது என்று தெரியாத அளவுக்குப் புகை. ஆண்டியப்பன் தீபத்தைக் கையிலெடுத்தார். எடுத்த கை இறங்கவில்லை.

இந்தத் தடவை வந்தது பழைய இழுப்பு இல்லை. பூனைச் சத்தம்கூட நின்றுபோய்விட்டது. உதடு நீலமாகியது. கை எந்தப் பக்கமும் நீளவில்லை; தூணைப் பிடித்துக்கொண்டது.

"வந்துட்டா! ஆத்தா பெரிய வேகத்தோட வந்துட்டா! போடு சாம்பிராணிய!" என்றார் பொன்னையா. உடுக்குச் சத்தம் காதைப் பிளந்தது.

காளியாயி அப்போதுதான் பாற்குடத்தோடு வாசலுக்கு வந்தாள். மஞ்சள் சேலை, தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட விரிந்த கூந்தல், நெற்றி நிறையக் குங்குமம். புருசன் முகத்தைப் பார்த்தாள். குடத்தை அடுத்தவள் தலையில் வைத்தாள்.

"நிறுத்துங்கடா!"

உடுக்கு நின்றது.

"பொன்னையா! அந்த நெருப்பத் தூக்கி வெளிய எறிடா!"

தோட்டத்தில் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவரும் இல்லை. மனுசி அப்படிப் பேச மாட்டாள் என்பது பொன்னையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படியே மண்டியிட்டார்.

"உத்தரவு தாயே! நீ யாரு தாயே?"

"யாரா? கண்ணு தெரியலையா? நான் காளியாயிடா!"

"காளி! ஆயி!" என்று கூட்டம் அலறியது. "மாரியோட காளியும் வந்துட்டா!"

தூபக்கால் மூன்றும் பறந்து போய் மழைத்தண்ணீர்க் குழியில் விழுந்தன. வழியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டினார்கள். நாலு பேர் ஆண்டியப்பனை வெளியே கொண்டுவந்து முன்னுக்குச் சாய்த்து உட்கார வைத்தார்கள். காளியாயி இடுப்பு முடிச்சிலிருந்து நீல பம்பை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன போத்தலில் செருகி, அவர் வாயில் வைத்து அமுக்கினாள். ஓர் அமுக்கு, நாலைந்து மூச்சு. மறுபடியும் ஓர் அமுக்கு. கூட்டம் ஒவ்வோர் அமுக்குக்கும் குலவையிட்டது. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாலாவது அமுக்கில் அவர் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியதும் சுற்றிப் பார்த்தாள். முந்நூறு பேர் கைகூப்பி நின்றார்கள். டாக்டர் அம்மனைக் கேட்டுப் பார்க்கச் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்ததாகப் பின்பு சொன்னாள்.

"கேளுங்கடா," என்றாள். "இனி இந்தக் கோயில்ல புகை ஆகாது. பூவும் வெளக்கும் போதும். ரெண்டு பக்கச் சுவத்துலயும் சன்னல் வைக்கணும்."

"உத்தரவு தாயே!"

"பூசாரி மருந்த நிறுத்தச் சொன்னவன் நாக்கு..." என்று தொடங்கி, பொன்னையாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "...இனி அப்படிச் சொல்லக் கூடாது," என்று முடித்தாள்.

"உத்தரவு தாயே!"

"இவரு வீட்டு அடுப்புக்குப் புகைக்கூண்டு வைக்கணும்."

கூட்டத்தில் ஒரு கிழவர் தலையைச் சொறிந்தார். "அது என்னாப்பா, காளி எதுக்குக் காளியாயி வூட்டு அடுப்பப் பத்திப் பேசுறா?"

"லயத்துல உள்ள எல்லா அடுப்புக்கும்!" என்றாள் காளியாயி அவசரமாக. "இப்ப ஆட்டோவக் கொண்டு வாங்கடா!"

டவுன் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் குகநேசன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இன்னும் கால்மணித்தியாலம் பிந்தியிருந்தா நான் ஒண்டும் செய்திருக்க ஏலாது. ஏன் மருந்தை விட்டனீங்கள்?"

"நெஞ்சு நல்லாயிருந்திச்சிங்க, அதான்."

"மருந்து எடுத்தபடியாத்தான் ஐயா நல்லா இருந்தது. நல்லா இருக்கேக்கையும் எடுக்கவேணும்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் பேக்கரிப் பணிஸ் பையோடு நின்ற பொன்னையா அதைக் கேட்டார். தினமும் வந்தார் அந்த மனிதர். டாக்டர் போன பிறகு, "நெசத்தச் சொல்லுங்க பூசாரியாரே," என்றார். "இத்தன நாளும் வந்தது ஆத்தாவா, இழுப்பா?"

ஆண்டியப்பன் யோசித்தார். "இழுப்புதாங்க தலைவரே. மூச்சு முட்ட வச்சி ஆத்தாவுக்கு என்னா சந்தோசம்?"

"அப்ப எம் மவளுக்கு மாப்புள்ள வந்தது?"

"அது நல்ல மாப்புள்ளதானே? அத விட்டுருங்க."

பொன்னையா பணிஸைப் பிய்த்து அவருக்குப் பாதி கொடுத்தார்.

ஆனால் காளி வந்தது பொய் என்று மட்டும் பொன்னையா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "என்னைய டா போட்டுக் கூப்புடுற தைரியம் எந்த மனுசிக்கு இருக்கு?" என்பார். அதனால் உத்தரவுகள் எல்லாம் நிறைவேறின. தார்ப்பீப்பாய்த் தகரத்தை உருட்டி லயத்தின் பன்னிரண்டு அடுப்புக்கும் புகைக்கூண்டு வைத்தார்கள். நாலு கூண்டு மழைக்கு ஒழுகியது, இரண்டைக் காற்று தூக்கிக்கொண்டு போனது, மற்றவை நன்றாக இருக்கின்றன. கோயிலுக்குச் சன்னல் வந்தது. நோர்வூட் வேன் வேறொரு கோயிலுக்குப் போய்விட்டது. சில பேர் காளியாயியிடம் குறி கேட்டு வந்தார்கள். "ஆத்தா கொழுந்தெடுக்கப் போயிட்டா, நாலரைக்கு மேல வாங்க," என்று அனுப்பிவிட்டாள்.

ஆண்டியப்பனுக்கு இழுப்பு முழுக்க விட்டுவிடவில்லை. கார்த்திகை மழையில் இப்போதும் ஓரிரு நாள் நெஞ்சு கட்டும், நீல பம்பு வேலை செய்யும். யாருக்காவது கல்யாண வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினால் எழுந்து வெளியே போய் நிற்பார். சிலருக்கு அது பிடிப்பதில்லை. காளியாயி காலையும் மாலையும் அடுப்படியிலிருந்து காது கொடுத்துக் கேட்பாள். குழலுக்குள் குளிசை சுற்றுகிற சத்தம் வராவிட்டால் தேத்தண்ணி வராது.

கிளினிக் நாளை மட்டும் அவர் தவறவிடுவதில்லை. அதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டரில் ஊதச் சொல்லி நெஞ்சின் பலத்தைக் கொப்பியில் எழுதுவார்கள். நானுஓயா ஸ்டேசனில் மூட்டை தூக்குகிற சின்னத்தம்பி என்பவரும் அதே நாளில் வருவார். அவருக்கும் இழுப்புத்தான். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வருடமாகப் போட்டி. போன மாதம் சின்னத்தம்பி முந்நூற்று எழுபது ஊதிவிட்டு மீசையைத் தடவினார். ஆண்டியப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டி, காலை அகட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முந்நூற்று அறுபது.

"மிஸ்ஸி, மீட்டர் பழுது. இன்னொருக்கா."

"மூணு தரம் ஊதிட்டீங்க ஐயா. வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க."

"என்னாங்க, பஸ் வந்துருச்சி," என்று காளியாயி கையைப் பிடித்து இழுத்தாள்.

"பஸ் போனா போவட்டும் புள்ள," என்றார் ஆண்டியப்பன், மீட்டரை விடாமல். "ரெண்டு மணித்தியாலத்துல அடுத்தது வரும்."